காசநோய் சந்தேகமா? தட்டைப் பிரிக்கும் முன் கேளுங்கள்

(காசநோய்ப் பிரிவில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.)

அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். சளி சோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் அண்ணி அவருக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார். சரியா?

தேவையே இல்லை. காசநோய் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் அல்ல. முடிவு வரும் வரை சன்னலைத் திறந்து வையுங்கள், அப்பா மாஸ்க் போடட்டும், இருமும்போது வாயைத் துண்டால் மூடட்டும், காற்றோட்டமான இடத்தில் தனியாகப் படுக்கட்டும். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிபிநாட் சோதனைக்கு மிஷினில் இரண்டு மணி நேரம்தான். நாள் கடப்பதெல்லாம் வரிசையில் காத்திருப்பதில்தான்.

ஒரு வீட்டில் பெரியவரின் டம்ளர் விளிம்பில் சிவப்பு நெயில்பாலிஷ் தடவி அடையாளம் வைத்திருந்தார்கள். சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனேன், அதே டம்ளரில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

கழுத்தில் காசநோய்க் கட்டி. ஆபீஸில் தெரிந்தால் ஒதுக்குவார்களா?

நுரையீரலில் நோய் இல்லையென்றால் உங்களிடமிருந்து யாருக்கும் பரவாது. சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். கட்டி சுருங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மாத்திரை போட்டதிலிருந்து சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது.

மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் வேலை. பயம் வேண்டாம். நிறுத்தாதீர்கள்!

மாமியாருக்குத் தனித்தட்டு...

முதல் பதிலைப் படியுங்கள்.

எங்கள் தாத்தாவைத் தாம்பரம் சானடோரியத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பரவாதென்றால் ஊருக்கு வெளியே ஏன் வைத்தார்கள்?

பரவாது என்று நான் எங்கே சொன்னேன்? தட்டில் பரவாது என்றேன். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அந்தக் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது காசநோய்க்கு மருந்தே கிடையாது. வெயில், காற்று, ஓய்வு, சத்துணவு, அவ்வளவுதான் சிகிச்சை. மருந்து வந்த பிறகு, 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து, மீதிப் பேருக்கு சானடோரியத்தில். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டாரை ஐந்து வருடம் கவனித்தும், வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூடுதலாக நோய் வந்ததாகத் தெரியவில்லை. உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது அதை வைத்துத்தான்.

அது அந்தக் காலம். இப்போது வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி.

அந்த நோயாளிகள் மட்டும் பங்களாவிலா இருந்தார்கள்? ஒற்றை அறையில் குடும்பமே நெருக்கியடித்துப் படுத்த ஏழைகள். வீட்டாருக்குத் தொற்றியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்னால். மருந்துக்குக் கட்டுப்படுகிற சாதாரணக் காசநோயில், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டு வாரத்தில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து இருமலை மறைப்பவர்தான் மாதக்கணக்கில் பரப்புகிறார். அந்தப் பயத்தைக் கொடுத்தது யார்? உங்கள் தனித்தட்டுதான்.

நான்கு வருடம் முன்பு குணமாகிவிட்டது. பெண் பார்க்கிறார்கள், சொல்லலாமா?

நானாக இருந்தால் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுவேன். பிறகு சொந்தக்காரர் யாராவது கதை கட்டுவார்.

லேகியம் சாப்பிடலாமா?

டாக்டரைக் கேளுங்கள். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

தட்டைச் சுடுதண்ணீரில் கழுவினால் போதுமா?

மறுபடியும் தட்டா! சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உங்கள் தட்டைக் கழுவுகிற மாதிரியே. கழுவி, மற்ற தட்டுகளோடு சேர்த்து அடுக்குங்கள்.