பங்குப் பணத்தைத் தராத அண்ணனை மகளின் புதுநன்மைக்கு அழைக்கலாமா?

சேர்ந்து வாங்கிய வள்ளத்தை விற்ற பணத்தில் உங்கள் பங்கை அண்ணன் தராமல் வைத்துக்கொண்டார் என்றும், இரு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது என்றும், அடுத்த மாதம் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை வாங்கும் விழா, என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரை அழைக்க வேண்டுமா, கிறிஸ்தவர்களாக மன்னிப்பதென்றால் பணத்தையும் விட்டுவிட வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. அண்ணனைக் கட்டாயம் அழையுங்கள். பணத்தை விட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. இவை இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று நான் ஏன் நம்புகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டதும், எழுபது தடவை ஏழு முறை என்று இயேசு சொன்னதும் நம் எல்லாருக்கும் மனப்பாடம். அது மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதே அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்னால், 15ஆம் வசனத்தில் இயேசு சொல்லியிருப்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை: உன் சகோதரன் உனக்குத் தீங்கு செய்தால், நீங்கள் இருவரும் தனித்திருக்கும்போது அவன் குற்றத்தை அவனுக்கு எடுத்துச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, அதற்கும் மசியாவிட்டால் திருச்சபையிடம் சொல். நம் கடற்கரையிலோ இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முதலில் டீக்கடைக்குத் தெரிகிறது, பிறகு ஊர்க் கூட்டத்துக்கு, பிறகு காவல் நிலையத்துக்கு. குற்றம் செய்தவரின் காதில் நேராக அது விழுவதே இல்லை. ஊர் முன்னால் தலைகுனிய வைக்கப்பட்டவர், செய்தது தவறா சரியா என்பதை மறந்து தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். தனியாகப் போய்ச் சொல்வது, அவர் திரும்பி வருவதற்கு ஒரு வழியைத் திறந்து வைப்பதாகும். மன்னிப்பின் முதல் செயல் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

என் சித்தப்பா பாம்பன் பக்கத்தில் நாட்டுப்படகில் தொழில் செய்தவர். ஒரு நாள் இரவு விசைப்படகு ஒன்று கரையோரமாக மடி வலையை இழுத்து வந்து, அவர் விரித்திருந்த நண்டு வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. சித்தப்பாவின் வலையோ வட்டிக்கு வாங்கிய பணத்தில் கட்டியது. அவர் யாரையும் கூட்டாமல் அறுந்த வலையின் மிச்சத்தோடு படகுக்காரர் வீட்டுக்குப் போய், நடந்ததையும் தமக்கு வர வேண்டிய தொகையையும் சொன்னார். அந்த மனிதர் ஒப்புக்கொள்ளாததால்தான் அடுத்த முறை பெரியவர்கள் இருவரை உடன் அழைத்துப் போனார். பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது படகுக்காரரின் தாயார் காலமானார்.

நம் ஊர்களில் பகையை அளப்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு: நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இருக்கிறதா, இல்லையா? துக்க வீட்டுக்குப் போகாவிட்டால் பகை நிலைத்துவிட்டது என்று பொருள். அதன்பின் பிள்ளைகளும் அந்தப் பகையைச் சுமப்பார்கள். சித்தப்பா போனார், கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தார். “என்னப்பா, வலைக்காசு வந்துருச்சா?” என்று கேட்டவர்களிடம், “வலைக்காசு வலைக்காசுதான், சாவு சாவுதான்” என்றார். பிறகு வந்த பேச்சுவார்த்தையில், துக்கத்துக்கு வந்ததை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் காட்டவில்லை. கேட்ட தொகையையும் குறைக்கவில்லை. பணம் தவணை தவணையாகத்தான் வந்தது.

இதைப் பலவீனம் என்று அப்போது சிலர் பேசினார்கள். தலைமைக் குருவின் முன் தம்மைக் கன்னத்தில் அறைந்த காவலனிடம் இயேசு நடந்துகொண்ட விதத்தை யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதைக் காட்டும், சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறீர் என்று கேட்டார். அன்பும் அந்தக் கேள்வியும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

ஓரியூருக்கு நீங்களும் போயிருப்பீர்கள். போர்ச்சுக்கலிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று கொல்லப்பட்டதை நாம் நினைவுகூருகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய கதை. 1686இல் இதே மறவர் நாட்டில் அவரைப் பிடித்துக் கடுமையாகச் சித்திரவதை செய்தார்கள். விடுதலையான பின் போர்ச்சுக்கலுக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட வாய்ப்பிருந்தும், தம்மை வதைத்த அதே மண்ணின் மக்களிடம் திரும்பி வந்தார். மன்னிப்பைப் பற்றி அவர் ஆற்றிய எந்த மறையுரையும் எனக்குத் தெரியாமல் போயிருந்தாலும், அந்தத் திரும்பி வருதல் ஒன்றே எனக்குப் போதும்.

கோபம் உடனே அடங்காது. “எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல” என்று நாள்தோறும் செபிக்கும்போது அந்த இடத்தில் தொண்டை அடைத்தால், அதற்காக உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம். அண்ணனின் பெயரைச் சொல்லி அவருக்காக ஒரு ‘அருள்நிறை மரியே’ செபம் சொல்லுங்கள். மன்னிப்பு மனத்தின் முடிவு. உணர்ச்சி பின்னால் மெதுவாக வரும்.

இதை வாசிக்கும் வேறு யாராவது வீட்டில் அடி உதை வாங்கிக்கொண்டிருந்தால், மேலே சொன்ன தனியே போய்ப் பேசும் வழி உங்களுக்குரியது அல்ல. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். மன்னிப்பு என்ற பெயரில் உங்களை மறுபடியும் அந்த வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். அழைப்பிதழை யார் கையிலும் கொடுத்தனுப்பாமல் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நேரில் போங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழையுங்கள். அன்று பணப் பேச்சை எடுக்க வேண்டாம். விழா முடிந்து ஒரு வாரம் கழித்து, வள்ளம் விற்ற கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, அண்ணனிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள். அவர் விழாவுக்கு வராமல் போனாலும் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். வந்தாலும் கணக்கில் ஒரு ரூபாயையும் மறைக்காதீர்கள்.