தண்டவாளம் போன பக்கம் ஊர் போனது: லண்டன் புறநகர் கேள்வி-பதில்

கே: தேம்ஸ் கரையில் பழம்பெரும் கிங்ஸ்டன் இருக்க, பக்கத்தில் சர்பிட்டன் எப்படி முளைத்தது?

ப: கிங்ஸ்டனுக்குச் சோறு போட்டது ஆற்றுப் பாலம். 1729-இல் பட்னி பாலம் வரும்வரை, லண்டன் பாலத்துக்கு மேலே அடுத்த பாலம் அங்கேதான். அதனால் குதிரை வண்டிப் போக்குவரத்து அங்கே செழித்தது. ரயில் வந்தால் பிழைப்பு போய்விடும் என்று வண்டித் தொழிலை நம்பியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். பாதை தெற்கே விலகி, 1838-இல் வயல்வெளியில் ஒரு நிலையம் வந்தது. அதைச் சுற்றி எழுந்த ஊர்தான் சர்பிட்டன். ‘ரயில்மேல் கிங்ஸ்டன்’ என்றுகூட அதை அழைத்தார்கள். பழைய கிங்ஸ்டன் தனக்கென ஒரு நிலையம் பெற 1863 வரை காத்திருந்தது.

கே: கிரீனிச் ரயில் பாதையை ஏன் வளைவுகள்மேல் கட்டினார்கள்?

ப: தேம்ஸை ஒட்டிய தாழ்வான சதுப்பு நிலம், நடுவே குறுக்கிடும் தெருக்கள். அதனால் 1836-இல் முதல் பகுதி திறந்த அந்தப் பாதைக்குச் செங்கல்லில் 878 வளைவுகள். வளைவுகளுக்கு அடியில் வீடு கட்டி வாடகைக்கு விடவும் நினைத்தார்கள். மழைநீர் ஒழுகியது, தலைக்கு மேல் ரயில் அதிர்ந்தது. யார் குடியிருப்பார்கள்?

கே: கிழக்கு லண்டனில் தேம்ஸில் கலக்கும் லீ ஆற்றுக்குக் கிழக்கே மட்டும் ஏன் அத்தனை ஆலைகள்?

ப: ஆறுதான் எல்லைக்கோடு. நாற்றமடிக்கும் தொழில்களைக் கட்டுப்படுத்திய 1844-ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனுக்குத்தான். ஆற்றைத் தாண்டினால் எசெக்ஸ் மாவட்டம், சட்டம் அங்கே செல்லாது. படகில் சரக்கும் வந்து இறங்கும். அந்தக் கரையிலுள்ள ஸ்ட்ராட்ஃபோர்டில் 1847-இல் ரயில் பணிமனையும் வந்துவிட்டது. அப்புறம் என்ன, 1851-இல் சுமார் 19 ஆயிரம் பேர் இருந்த, அதே கரையிலுள்ள வெஸ்ட் ஹாமில் 1901-இல் 2 லட்சத்து 67 ஆயிரம் பேர்! புகையையும் கழிவையும் அந்த மக்கள்தான் சுமந்தார்கள். புறநகர் என்றால் தோட்ட வீடு என்று மட்டும் நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஊரைத்தான்.

கே: ரயில் கட்டணம் ஏழைகளுக்குக் கட்டுப்படியானதா?

ப: தானாக ஆகவில்லை, சட்டம் போட வேண்டியிருந்தது. லண்டனின் லிவர்பூல் தெரு நிலையத்துக்காக ஏழைகளின் வீடுகள் இடிபட்டன. அதற்கு ஈடாக, வடக்குப் புறநகர்களான எட்மண்டன், வால்தம்ஸ்டோவிலிருந்து போக வர 2 பென்ஸில் தொழிலாளர் ரயில் ஓட்ட வேண்டும் என்று ரயில் நிறுவனத்துக்கு 1864-இல் சட்டத்தில் நிபந்தனை விதித்தார்கள். அந்த இரண்டு பென்ஸை நம்பித்தான் அங்கே வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் எழுந்தன. ஆனால் மலிவு டிக்கெட் விடியற்காலை வண்டிக்குத்தான். பட்டறை திறக்கும்வரை பெண்களும் ஆண்களும் குளிரில் நிற்க வேண்டும். பிற்பாடு நிலையத்துக்கு அருகிலிருந்த ஒரு தேவாலயம், அவர்கள் உட்காரட்டும் என்று அந்த நேரத்திலேயே கதவைத் திறந்து வைத்தது.