குளிரா, நோயா? அடுப்படியை விட்டு நகராத பூனை

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். எங்கள் பெண் பூனைக்கு 9 மாதம். போன வாரம்வரை திரைச்சீலையில் ஏறித் தொங்கியவள், 3 நாளாக அடுப்படியிலேயே சுருண்டு கிடக்கிறாள். சாப்பாடும் பாதிதான். “தை மாசக் குளிர், அப்படித்தான் இருக்கும்” என்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: காட்டுங்கள். நாளை காலையே.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. பூனை சாதாரணமாகவே ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். உறைபனிக் காலத்தில் சூடான மூலையைத் தேடிப் போவதும் இயல்புதான். ஆனால் குளிரில் பசி கூடுமே தவிரக் குறையாது. குளிருக்காகப் படுத்திருக்கும் பூனை, கருவாட்டுப் பொட்டலம் சரசரத்தால் எழுந்து ஓடி வரும். உங்கள் பூனை தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தால், அது குளிர் இல்லை.

இன்றிரவே ஒன்று பாருங்கள். மடியில் வைத்து, மேலுதட்டை மெல்லத் தூக்கி, ஈறை வெளிச்சத்தில் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளிறியிருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். இளம்பூனைகளில் தெள்ளுப்பூச்சியும் குடற்புழுவும் இதற்கு முக்கியக் காரணங்கள். மஞ்சளாக இருந்தால் மஞ்சள் காமாலை. அப்புறம், தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திருக்க வேண்டாம். காதையோ மூக்கையோ தொட்டுக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க முடியாது.

தடுப்பூசி போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடாத பூனைக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மலையில் இருப்பவர்களிடம் நான் தவறாமல் கேட்பவை மூன்று. வீட்டிலோ தோட்டத்திலோ லில்லியம் என்ற லில்லிப் பூ உண்டா? அதன் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, பூனை நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். பக்கத்தில் எங்காவது எலி மருந்து வைத்தார்களா? அதில் பல வகைகளின் பாதிப்பு சில நாள் கழித்துத்தான் உள்ளே ரத்தக்கசிவாகத் தெரியும். மூன்றாவது, இரவில் அறையை மூடிக் கரி அடுப்பு வைக்கிறீர்களா? கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. பூனை சோர்ந்து கிடக்கிறது, உங்களுக்கும் காலையில் தலை கனக்கிறது என்றால் முதலில் சன்னலைத் திறங்கள். அடுப்பை வெளியே வையுங்கள்.

கருத்தடை செய்யாத பெண் பூனை என்றால் சினையாகவும் இருக்கலாம். அதை டாக்டர் வயிற்றைத் தொட்டே சொல்லிவிடலாம்.

தயவுசெய்து பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். குழந்தைக்குத் தரும் அளவுகூடப் பூனையின் உயிரை எடுத்துவிடும். பட்டினியாகவும் விடாதீர்கள், இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும். உப்பில்லாமல் வேகவைத்த கோழியை வெதுவெதுப்பாகக் கொடுத்துப் பாருங்கள். வாயில் திணிக்க வேண்டாம்.

கிளம்பும்போது மூடியுள்ள கூடையில் கம்பளித் துணி விரித்து, பூனை படுத்த பழைய துணி ஒன்றையும் போடுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, எப்போது மலம் கழித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.