தனியாளாக விளையாடும் கேமுக்கும் எந்நேரமும் இன்டர்நெட் ஏன் வேண்டும்?

கொழும்பு வெள்ளவத்தையில் கரண்ட் போனதும் லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, கேம் மட்டும் நின்றுவிடுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ரவுட்டர் அணைந்துவிடுவதால்தான்.

திருட்டுப் பிரதிகளைத் தடுப்பது ஒரு காரணம். இன்னொன்று, கேமின் ஒரு பகுதி உங்கள் கணினியிலேயே இல்லை. டியாப்லோ 3 என்ற கேமின் கணினிப் பதிப்பில், ஒரு அரக்கன் விழுந்தால் என்ன பொருள் கிடைக்கும் என்பதைக்கூடத் சர்வர், அதாவது கேம் நிறுவனத்தின் தூரத்துக் கணினிதான் தீர்மானிக்கும். 2012 மே மாதம் அது வெளிவந்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் விளையாட முடியாமல், சர்வரில் நெரிசல் என்று சொல்லும் 'பிழை 37' என்ற வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எல்லாக் கேமுக்கும் இது கட்டாயத் தேவை என்பதை நான் ஏற்க மாட்டேன். 2013இல் வந்த, நகரம் கட்டும் கேமான சிம்சிட்டியும் இப்படித்தான் இணையத்தைக் கேட்டது. அடுத்த ஆண்டே, இணையமில்லாமல் விளையாடும் வசதியை அதைத் தயாரித்தவர்களே கொடுத்தார்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. 'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தினார்கள். டிஸ்க் அலமாரியில் இருக்கிறது. தனியே ஓட்டிப் பார்க்கக்கூட முடியாமல் போனது. வருடக்கணக்கில் சேர்த்த கார்களும் போயின.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? வாங்குமுன் 'எப்போதும் இணைய இணைப்புத் தேவை' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ரவுட்டரைத் திருப்பி அடியில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பெரும்பாலும் 12 இருக்கும். அதற்கேற்ற சின்ன யூபிஎஸ் ஒன்று போட்டால், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஃபைபர் இணைப்பில் தனிப் பெட்டி இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும், மறக்காதீர்கள்.