ஸ்டென்ட் வைத்தவருக்கு லெப்டின் டெஸ்ட் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு மாதம் முன்பு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். உயரம் 168 செ.மீ., எடை 68 கிலோ. பேன்ட் சைஸ் 34தான், தொப்பை மட்டும் கொஞ்சம் உண்டு. டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 210, ஹெச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 34. 'கொழுப்பு ஹார்மோன் பேக்கேஜ்' என்று ஒரு லேபில் லெப்டின், அடிபோநெக்டின் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். தையல்காரர் டேப் ஒன்று வாங்குங்கள், போதும்.

உடம்புக் கொழுப்பைச் சும்மா கிடக்கும் மூட்டை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்த பிறகு, அதுவும் ஹார்மோன் சுரக்கும் உறுப்பு என்பது உறுதியானது. 'இருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்வது லெப்டின். கொழுப்பு கூடக்கூட அதுவும் கூடும். ஆனால் திருவிழா ஒலிபெருக்கிக்குப் பழகிப்போன தெருக்காரர் மாதிரி மூளை அதைக் காதில் வாங்காது.

அடிபோநெக்டின் நேர் எதிர். தொப்பை வளர்ந்தால் இது குறையும். இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைப்பதும், ரத்தக்குழாய்ச் சுவரின் அழற்சியைத் தணிப்பதும் இதுதான். பெண்களைவிட ஆண்களுக்கு இயல்பிலேயே இது குறைவு. இதய அடைப்பு உள்ள ஆண்களிடம் இன்னும் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? இங்கேதான் சிக்கல். நோய் வருவதற்கு முன் அடிபோநெக்டின் அதிகமாக இருப்பது நல்ல அறிகுறி. நோய் வந்தபின், முக்கியமாக இதயம் பலவீனமானவர்களிடம், அது அதிகமாக இருந்தவர்களே அதிகம் இறந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. ஆக உங்கள் ரிப்போர்ட்டில் எந்த எண் வந்தாலும் அதை வைத்து மருந்தை மாற்ற முடியாது.

பேன்ட் சைஸை நம்பாதீர்கள். பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் யாருக்கும் 34 வரும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ.தான் எல்லை. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு) 24, நமக்கு 23-லேயே எச்சரிக்கை மணி அடித்துவிடும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போய் டிரைகிளிசரைடாக மாறுகின்றன. உங்கள் டிரைகிளிசரைடு 210-உம் ஹெச்.டி.எல். 34-உம் பெரும்பாலும் அந்தக் கதையைத்தான் சொல்கின்றன.

நாலைந்து கிலோ குறைந்தாலே இந்த எண்கள் நகரும். தினமும் நடை, வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி (டாக்டரிடம் கேட்டுவிட்டு), சாதம் வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதி, மதுப்பழக்கம் இருந்தால் அதற்கு முழுக்கு. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பேக்கேஜ் பணத்தில் ஹெச்.பி.ஏ1சி (மூன்று மாத சர்க்கரைச் சராசரி) டெஸ்ட் எடுங்கள், சர்க்கரை ஒளிந்திருந்தால் தெரியும்.

அடிபோநெக்டினை ஏற்ற மாத்திரை உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோன் ஏற்றும். ஆனால் உடம்பில் நீர் கோக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் மாத்திரை இல்லை அது.