ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்குக்குப் போகிறோம், ஸ்னோகேட்டில் ஏறலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கேட்ட தம்பிக்கு: தாராளமாக ஏறலாம், ஆனால் முதல் பயணத்திலேயே வேண்டாம். கெந்திங் பனி அரங்கில் விளையாடியதெல்லாம் கணக்கில் வராது.

ஸ்னோகேட் என்பது சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டி. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் கூண்டு. சறுக்குவோரை மேலே கொண்டுபோகும் கம்பிவட லிஃப்ட் இல்லாத மலையில் அது மேலே ஏற்றிவிடும், நாம் சறுக்கி இறங்குவோம், கீழே மறுபடி அதே வண்டி. நாள் முழுக்க இதுதான்.

காலையில் பசியாறிய கையோடு பயிற்சி. ஒவ்வொருவருக்கும் புதைந்தவரைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேட மடக்குக் கம்பி தருவார்கள். பனிச்சரிவில் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து உதவி வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் உங்கள் ஆம்புலன்ஸ். பயிற்சியின்போது கைப்பேசியைச் சமிக்ஞைக் கருவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், குழப்பும்.

வழிகாட்டி முதலில் இறங்குவார். அவர் போட்ட தடத்தைத் தாண்டி ஹீரோயிசம் காட்டக் கூடாது. ஊசியிலை மரங்களின் அடியில் பனி மூடிய பள்ளம் இருக்கும். தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. ஆகவே மரங்களுக்கிடையே எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான்.

தூள் பனியில் எடையை இரண்டு சறுக்குப் பலகையிலும் சமமாகப் போடுங்கள். பலகை கழன்றால் விழுந்த இடத்துக்குச் சற்று மேலே தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் புதைந்திருக்கும்.

சிவப்புத் தடத்தில் (நடுத்தரக் கடினமான சறுக்குப் பாதை) தடுமாறாமல் இறங்க வந்த பிறகு பதிவு செய்யுங்கள். காப்புறுதி தடத்துக்கு வெளியே சறுக்குவதையும் மீட்புச் செலவையும் ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.