வாசகர் கேள்வி - பதில்: கேமிலிருந்து வந்த திகில் தொடர்கள்

கொட்டாஞ்சேனை வாசகர்: ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமை நான் விளையாடியதே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தொடரை நேரடியாகப் பார்த்தால் விளங்குமா?

கதை விளங்கும். இதற்கு ஏன் இத்தனை இரசிகர்கள் என்பதுதான் விளங்காது. 1996இல் கேப்கொம் வெளியிட்ட முதல் கேமில் ஸொம்பியை விடப் பற்றாக்குறைதான் பயமுறுத்தியது. ஜில், கிறிஸ் என்ற இருவரில் ஒருவராக விளையாடவேண்டும். ஜில்லின் பையில் 8 பொருள், கிறிஸின் பையில் 6 பொருள்தான் அடங்கும். சாவியை எடுத்தால் காயம் ஆற்றும் மூலிகையை விட்டுவிட்டுப் போகவேண்டும். ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சு இயந்திரத்தோடு மை நாடாவும் வேண்டும். அதுவும் எண்ணித்தான் கிடைக்கும். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் கை தயங்கும்.

2022 ஜூலையில் வந்த 8 அத்தியாயத் தொடரில் அந்தத் தயக்கம் காணாமல் போய்விட்டது. கதை 2022க்கும் 2036க்கும் மாறி மாறித் தாவுகிறது. 2036இல் நாயகி ஜேட் உயிரோடு ஓடித்திரிவதைப் பார்த்த பிறகு, சிறுமி ஜேட்டுக்கு ஆபத்து வந்தால் யாருக்குப் பதற்றம் வரும்? அடுத்த மாதமே தொடரை நிறுத்திவிட்டார்கள், முடிச்சுகள் அவிழவில்லை. ஆனாலும் ஜேட்டின் தந்தை வெஸ்கராக வரும் லான்ஸ் ரெடிக்குக்காகத் தாராளமாகப் பார்க்கலாம்.

முதலில் 2019இல் புதுப்பித்து வெளியிட்ட இரண்டாம் கேமை விளையாடுங்கள், அல்லது யாராவது விளையாடும் காணொளியைப் பாருங்கள். பிறகு அந்தக் கேமின் நாயகர்களான லியோனும் கிளேரும் வரும் 4 அத்தியாய அனிமேஷன் தொடர் ‘இன்ஃபினிட் டார்க்னஸ்’ (2021). நீங்கள் கேட்ட 2022 தொடரைக் கடைசியில் வையுங்கள்.

வெள்ளவத்தை வாசகி: பூஞ்சை தொற்றி மனிதர்கள் வெறிபிடித்து அலையும் ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ தொடரைப் பார்த்த மகன் பாண் சாப்பிட மறுக்கிறான். கோதுமை மாவில் அப்படி ஒரு பூஞ்சை வருமா?

வராது. ஜகார்த்தாவின் மா ஆலையில் தொற்று தொடங்குவதாகக் காட்டுவது தொடருக்காகச் சேர்த்தது. கதைக்கு மூலமான, எறும்பைப் பிடிக்கும் பூஞ்சை நிஜம்தான். அது எறும்பைச் செடியில் ஏற்றி, இலை நரம்பைக் கடிக்கவைத்துக் கொல்லும். ஆனால் எறும்பின் உடலுக்கென்றே பழகிப்போன உயிர் அது. மனிதனின் 37 பாகை உடற்சூடு பெரும்பாலான பூஞ்சைகளுக்கு ஒத்துவராது. போறணைச் சூட்டையும் அது தாங்காது.

கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டு மூன்று நாளில் பாணில் படிவது வேறு பூஞ்சை, சுட்ட பிறகு காற்றிலிருந்து வருவது. பச்சைப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டாதீர்கள். இழைகள் உள்ளே ஓடியிருக்கும், முழுப் பாணையும் வீசுங்கள்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். இந்தத் தொடருக்கு மூலமான கேமில் பூஞ்சை வித்துகள் காற்றில் பரவும். எப்போதும் முகமூடி போட்டால் நடிகர்களின் முகம் மறைந்துவிடும் என்பதால், முதல் பருவத்தில் அதை எடுத்துவிட்டு இழைகளால் தொற்றவைத்தார்கள். நல்ல முடிவு. நாயகன் பெட்ரோ பஸ்கலின் கண்ணில் தெரியும் பயம்தான் நமக்கும் தொற்றுகிறது.

தெஹிவளை வாசகர்: இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. டேட்டாவும் பறக்கிறது.

டேட்டாவை மிச்சம் பிடித்தால் முதலில் அடிபடுவது இருட்டுத்தான். கறுப்பின் நுண்ணிய படிகளைச் சுருக்கிவிடுவார்கள். நெட்ஃபிளிக்ஸில் எச்டி தரத்துக்கு மணிக்கு சுமார் 3 ஜிபி, நடுத்தரத்துக்கு 0.7 ஜிபி. இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் அந்நேரத்தில் போனில் உயர்தரத்தில் தரவிறக்கி வையுங்கள். டீவியில் மின்சேமிப்பு முறையை அணைத்து, ‘மூவி’ முறைக்கு மாற்றுங்கள். கறுப்புச் சட்டையின் மடிப்புத் தெரியும்வரை பிரைட்னஸைக் கூட்டுங்கள், கொன்ட்ராஸ்டைத் தொடவேண்டாம்.